ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம், தோழர்களே

ஊர் ஊராக வாடகை மண்டபத்திலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் புரொஜெக்டர் வைத்து உலகப் படங்களைக் காட்டிவரும் திரைப்படச் சங்கத் தோழர்களுக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்களோடு தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். போன வருஷம் ஒரு சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சீன ஆவணப்படம் ஒன்றைப் போடலாம் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொல்லி மறுத்தார்கள். ஒன்று, படம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இன்னொன்று, "சீனாவைத் திட்ட ஏற்கெனவே ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, நாமும் எதற்கு?" அன்பாகத்தான் சொன்னார்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வேறு இரண்டு ஊர்களிலும் இதே காரணங்களைக் கேட்டுவிட்டேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் படம் வாங் பிங் எடுத்த 'தண்டவாளத்துக்கு மேற்கே'. சீனத்தின் வடகிழக்கில், லியாவ்னிங் மாகாணத் தலைநகர் ஷென்யாங்கில் தியேசி என்றொரு வட்டாரம் இருக்கிறது. தியேசி என்றாலே இரயில் பாதைக்கு மேற்கு என்றுதான் பொருள். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்த் தளவாடத்துக்காக அங்கே ஆலைகள் எழுந்தன. புரட்சிக்குப் பிறகு அவை மக்கள் உடைமையாகி, சோவியத் உதவியோடு பெருத்து, நாட்டின் கனரகத் தொழிலுக்கே மூத்த பிள்ளையாக இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அரசு ஆலைகளில் வேலை போனவர்களுக்குச் சீனத்தில் 'சியாகாங்' என்று பெயர். பணியிடத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவர் என்று அர்த்தம். அந்தச் சில ஆண்டுகளில் நாடு முழுக்க இரண்டு கோடிப் பேருக்கு மேல் அப்படி இறக்கிவிடப்பட்டார்கள்.

1999 கடைசியில் வாங் பிங் வாடகைக்கு எடுத்த சின்ன டிஜிட்டல் கேமராவோடு தன்னந்தனியாக அந்த ஆலைகளுக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு 32 வயது. அதே ஷென்யாங்கில் நுண்கலைக் கல்லூரியில் புகைப்படம் படித்தவர். 2001 வரை எடுத்தார். விளக்கு போட ஆளில்லை, ஒலிக்கு ஆளில்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. படம் மூன்று பகுதி: 'துரு', 'மிச்சங்கள்', 'தண்டவாளங்கள்'. மொத்தம் 551 நிமிடம்.

முதல் பகுதி தொடங்குகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். சரக்கு இரயிலின் முன்முகத்தில் கேமரா இருக்கிறது. பனி கொட்டுகிறது. இரயில் மெல்ல மெல்ல ஆலைகளுக்கு நடுவே போகிறது. லென்ஸில் பனித்துளி விழுந்து ஒட்டுகிறது, அதை யாரும் துடைப்பதில்லை. ஒரு சொல் கிடையாது. இரண்டு பக்கமும் ஆளில்லாத கட்டடங்கள். நிமிடக் கணக்கில் இது மட்டும்தான். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பொறுமை போயிற்று. இரண்டாம் முறைதான், அந்த ஊரின் அளவு எவ்வளவு பெரிது என்பதை உடம்பில் ஏற்றுவதற்கு வேறு வழியே இல்லை என்று புரிந்தது. ஆலை ஆலையாக, கொட்டகை கொட்டகையாக, அத்தனையும் ஒரு காலத்தில் ஆட்களால் நிறைந்திருந்தது.

பிறகு ஆட்கள் வருகிறார்கள். உருக்காலையின் ஓய்வறையில் சீட்டாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், குளித்துவிட்டுத் துண்டுகூட இல்லாமல் நடமாடுகிறார்கள். கேமராவை யாரும் பொருட்படுத்துவதில்லை, அந்த அளவுக்கு வாங் பிங் அங்கேயே கிடந்திருக்கிறார். ஈயப் புகை உடம்பில் ஏறியதால் அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்க ஊசி போடுகிறார்கள். அங்கேயும் அவர்கள் சிரித்துக்கொண்டு, மீன்பிடித்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார்கள். அப்படி மீன்பிடிக்கப் போன இடத்தில் ஒருவர் குளத்தில் மூழ்கிச் சாகிறார். படம் அதைப் பெரிதாக்குவதில்லை. ஆலை மூடப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறுநாள் ஷிப்டுக்கு வருகிறார்கள்.

தோழர்களே, இதைப் பார்த்து யாராவது "சீனாவைத் திட்டுகிறது" என்று சொன்னால் நான் எப்படி ஏற்பேன்? நம் ஊரில் ஒரு நூற்பாலை மூடினால் வாசலில் போய் நிற்கிறவர்கள் நாம். தியேசியின் தொழிலாளி நம் கொடியில் இருக்கும் அதே தொழிலாளி. அவனைப் பற்றி அவன் நாட்டுக்காரனே, அவன் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம் இது. இதில் வர்ணனைக் குரல் இல்லை, பின்னணி இசை இல்லை. அவனை ஒன்பது மணி நேரம் பார்க்க மாட்டேன் என்று மற்றவர்கள் சொல்லட்டும். நாம் சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது.

மூன்றாம் பகுதியில் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள். அப்பாவுக்கு ஒரு கண் இல்லை. இரயில்வே ஆட்களுக்குச் சில்லறை வேலை செய்துகொடுத்து, தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கி, அங்கேயே ஒரு குடிசையில் காலம் தள்ளுகிறார்கள். ஒருநாள் அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போகிறது. இரவு மகன் குடிசையில் தனியாக இருக்கிறான். பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்க்கிறான். பேசவில்லை. கண்ணீர் தானாக இறங்குகிறது. கேமரா நகரவில்லை, கிட்டேயும் போகவில்லை. சில நாள் கழித்து அப்பா வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரு கடையில் சாப்பிடுகிறார்கள். மகன் அளவுக்கு மீறிக் குடித்து, உடைந்து அழுகிறான். அப்பா அவனை முதுகில் சுமந்துகொண்டு இருட்டில் குடிசைக்குப் போகிறார். வளர்ந்த பிள்ளையை வயதான மனிதர் உப்புமூட்டை தூக்கிப்போகும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, அதற்கு முந்திய ஏழெட்டு மணி நேரத்தில் நீங்கள் பார்த்த அத்தனை ஆலையும் அந்த முதுகின் மேல் இருக்கும். இரண்டு மணி நேரமாக வெட்டிய பதிப்பில் அது ஒரு சோகக் காட்சி, அவ்வளவுதான்.

பதினெட்டு நாள் பாரதக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் நாம். நீளம் நமக்குப் புதிதா?

இந்தப் படங்கள் வந்த வழியையும் நீங்கள் அறிய வேண்டும். தொடக்கம் என்று எல்லோரும் காட்டுவது வூ வென்குவாங்கின் 'பெய்ஜிங்கில் அலைதல்', 1990. தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர் அவர். ஊர்ப்பதிவும் நிலையான வேலையும் இல்லாமல் தலைநகரில் ஒண்டிக் கிடந்த ஐந்து கலைஞர் நண்பர்களை 1988 முதல் எடுத்தார். படமெடுக்கும் காலத்துக்கு நடுவேதான் 1989இன் தியானன்மென் சதுக்க ஒடுக்குமுறை வந்துபோனது. படம் அதைப் பேசவில்லை. ஆனால் முடிவில் நண்பர்கள் பெரும்பாலும் வெளிநாடு கிளம்பிவிடுகிறார்கள். அதுவரை ஆவணப்படம் என்றால் அங்கே கம்பீரக் குரலில் வர்ணனை ஓடும் அரசுத் தொலைக்காட்சிப் படம்தான். இவர்கள் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். 'ஷியென்சாங்' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. அது நடக்கிற இடத்திலேயே இருப்பதைக் குறிக்கும். 'மின்ஜியான்' என்று இன்னொன்று. மக்களுக்கு நடுவிலிருந்து, அரசு சாராமல் என்று பொருள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் கையடக்க டிஜிட்டல் கேமரா வந்தது. ஸ்டுடியோவும் வேண்டாம், பிலிம் சுருளும் வேண்டாம் என்றானதும் ஆசிரியர்கள், ஓவியர்கள், கவிஞர்கள் என்று கண்டவர்களும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

2005இல் அதே வூ வென்குவாங் கிராமத்துக்காரர்கள் பத்துப் பேரிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் ஊரைத் தாங்களே எடுக்கச் சொன்னார். அதில் பெய்ஜிங் பக்கத்துக் கிராமப் பெண் ஒருவர் அதன் பிறகும் கேமராவைக் கீழே வைக்காமல் வருஷா வருஷம் தன் ஊரை எடுத்துக்கொண்டே இருந்தார். 2010இல் இளைஞர்களைச் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பி, 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சத்தில் யார் யார் செத்தார்கள் என்று பாட்டி தாத்தாக்களிடம் கேட்டுப் பதியவைத்தார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன சாவுகளுக்குப் பெயரும் வயதும் திரும்பி வந்தன.

இவற்றை எங்கே காட்டினார்கள் என்கிறீர்கள்? நம்மைப் போலத்தான். தேநீர்க் கடையில், ஓவியக் கூடத்தில், கல்லூரி வகுப்பறையில், எரித்த டிஸ்க்கைக் கைமாற்றி. 2003இல் குன்மிங்கிலும் நான்ஜிங்கிலும் விழாக்கள் தொடங்கின. பெய்ஜிங்கின் கிழக்கு ஓரத்தில் கலைஞர்கள் குடியேறிய சோங்ஜுவாங் கிராமத்தில், கலை விமர்சகர் லி சியான்டிங்கின் பெயரிலான நிதியம் ஒரு விழா நடத்தியது. 2012இல் தொடக்கப் படம் ஓடும்போதே மின்சாரம் போயிற்று. 2014 ஆகஸ்டில் விழாவையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். நிதியம் ஆண்டாண்டாகச் சேர்த்த படங்களையும் தாள்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. விழாவுக்கு வந்தவர்கள் அன்று செல்பேசியிலும் கேமராவிலும் எடுத்ததையெல்லாம் சேர்த்து வாங் வோ என்பவர் 'படமில்லாத் திரைப்பட விழா' என்று ஒரு படம் செய்தார். குன்மிங் விழா 2013இல் நின்றது. நான்ஜிங் விழா 2020 தொடக்கத்தில் தானே கதவை அடைத்துக்கொண்டது. 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டம், அனுமதி பெறாத படத்தை விழாக்களுக்கு அனுப்புவதையே தண்டனைக்குரியதாக்கியது.

புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் திரிகிறவர்கள் நாம். மேலே சொன்னதை நம்மைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்? மண்டபக்காரர் கடைசி நேரத்தில் போன் செய்து "மேலிடத்துலேர்ந்து சொல்றாங்க" என்று பின்வாங்கும் குரலை நாமும் கேட்டிருக்கிறோம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 'தண்டவாளத்துக்கு மேற்கே' படத்தைத் தொகுக்க நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவைச் சேர்ந்த நிதி உதவியது. பிந்தைய வாங் பிங் படங்களில் பிரெஞ்சுப் பணம் அதிகம். உள்நாட்டில் காட்ட முடியாத படத்துக்கு உள்நாட்டில் யார் பணம் போடுவார்கள்? ஆனால் மூலக் காட்சிப் பதிவை எந்த வெளிநாட்டுக்காரரும் எடுத்துத் தரவில்லை. அதை எடுத்தவர் வாடகைக் கேமராவோடு ஒற்றை ஆளாக ஈயப் புகைக்குள் நின்றவர்தான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் எல்லையில் மோதல் நடந்த பிறகு வேறொரு குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். ஜாவ் லியாங்கின் 'மனு' படத்தைப் போட வேண்டும், மேடையில் சீன எதிர்ப்புப் பேச்சு இருக்கும் என்றார்கள். மாட்டேன் என்றேன். அந்தப் படத்தை ஜாவ் லியாங் 1996 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தார். சொந்த ஊர் அதிகாரிகள் செய்த அநியாயத்துக்கு நீதி கேட்டு, தலைநகரின் மனு அலுவலகத்துக்கு வந்து, பெய்ஜிங் தெற்கு இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் கூடாரத்தில் வருஷக்கணக்கில் கிடந்தவர்களின் படம் அது. 2008 ஒலிம்பிக்குக்கு முன்னால் புது நிலையம் எழுந்தபோது அந்தக் குடியிருப்பே இல்லாமல் போயிற்று. சொந்த அரசை நம்பி, அதன் வாசலிலேயே முடி நரைத்தவர்கள் அவர்கள். அவர்களைக் காட்டி அவர்கள் நாட்டின்மேல் காறித்துப்ப எனக்கு உரிமையில்லை.

அந்தப் படத்தில் என்னை உறுத்துகிற இடமும் இருக்கிறது. தாயோடு சிறு வயது முதல் அந்தக் கூடாரத்தில் வளர்ந்த மகள், ஒருநாள் தாயை விட்டுப் போக முடிவெடுக்கிறாள். அது இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது, தாய்க்குத் தெரியாது. தாய்க்கு அவள் எழுதிய கடிதம் அவர் வழியாகத்தான் வருகிறது. அதைத் தாய் அறியும்போது கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் கேமராவை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வேறு நினைக்கலாம். படம் போட்டால்தானே இதைப் பேச முடியும்?

இப்போது என் மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. திருப்பூரில் முப்பது வருஷம் ஓவர்லாக் ஓட்டியவர். மெஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வாங் பிங்கின் 'இளமை' மூன்று படங்களாக வந்திருக்கிறது. முதல் படம் 2023இல் கான் விழாப் போட்டியில் இருந்தது. ஷாங்காயிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் இருக்கிற ஜிலி என்ற ஊரின் பட்டறைகளில், உள்நாட்டுச் சந்தைக்காகக் குழந்தைகள் உடுப்பு தைக்கும் கிராமத்துப் பிள்ளைகளை 2014 முதல் ஐந்து வருஷம் எடுத்தது. முதல் படத்தை மடிக்கணினியில் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். படிக்க முடியாத சப்டைட்டிலை நான் காதில் கத்திச் சொன்னேன்.

முதல் பத்து நிமிடம் அவர் கதையைக் கவனிக்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார். "பையன் வேகமாத்தான் ஓட்டறான் அம்மிணி. துணியப் பார்க்கறானா பாரு, பக்கத்துப் புள்ளயப் பார்த்துட்டே தைக்கறான்" என்றார். பட்டறையில் பாட்டு அலறுவதைப் பார்த்துச் சிரித்தார். தைத்து முடித்த பிறகு கூலி பேசுகிற காட்சி வந்தது. பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஒரு உருப்படிக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறார்கள், பட்டறைக்காரர் அசையவில்லை. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெச்சு முடிச்சுட்டு ரேட்டுப் பேசுனா எவன் குடுப்பான்? சனிக்கெழம என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். சனிக்கிழமைச் சம்பளம் அங்கே இல்லை, செலவுக்குக் கொஞ்சம் முன்பணம், கணக்கு முடிப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு படத்தைப் பின்னால் ஓட்டி அந்தக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னார்.

இரண்டாம் படத்தில் ஒரு பையன் தன் கணக்கு நோட்டைத் தொலைத்துவிடுகிறான். என்னென்ன, எத்தனை உருப்படி தைத்தான் என்று எழுதிய நோட்டு. அது இல்லாமல் காசு இல்லை என்கிறார் முதலாளி. அவன் தேடுகிறான், கெஞ்சுகிறான். அதைப் பார்த்ததும் மாமா எழுந்துபோய் பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நாற்பது பக்க நோட்டுகள். தேதி, மாடல், டஜன், ரேட். வேலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் அவற்றைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை.

சீனா என்ற சொல்லை மாமா அன்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

எனவே என் வேண்டுகோள் எளிது. வருகிற ஞாயிறுகளில் ஒன்றை எனக்குத் தாருங்கள். காலை ஒன்பது மணிக்கு 'துரு', நான்கு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'மிச்சங்கள்', தேநீர், பிறகு 'தண்டவாளங்கள்'. இரவு எட்டு எட்டரைக்குள் முடிந்துவிடும். பேச்சாளர் வேண்டாம். படத்தின் உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதி முறையாக அனுமதி கேட்போம், அந்தச் செலவைப் பங்குபோட மூன்று ஊர்ச் சங்கங்கள் சேர்ந்தால் போதும். மாணவர்களைவிட ஆலைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்தவர்களை முதலில் அழையுங்கள்.

தமிழில் சப்டைட்டில் போடும் வேலையை நானும் இரண்டு நண்பர்களும் ஆரம்பித்திருக்கிறோம். 'லாவ்பான்' என்று அவர்கள் கூப்பிடுவதை 'முதலாளி' என்று எழுதியிருந்தேன். மாமா பார்த்துவிட்டு, "மொதலாளின்னு யாரு கூப்புடறா? ஓனர்னு போடு" என்றார். மாற்றிவிட்டேன். 'துரு' முடிந்துவிட்டது, 'மிச்சங்கள்' பாதியில் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் அந்த ஒற்றைக்கண் அப்பா, குடித்துவிட்டு அழும் மகனிடம் சொல்லும் நாலைந்து வார்த்தையில் ஒரு வாரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பது சரியாகப் படவில்லை. உங்களில் சீனம் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தோழமையுடன்,
திருப்பூரிலிருந்து உங்கள் பழைய உறுப்பினர்